என்னைப் பற்றி ஒரு மஞ்சள் சீட்டு

குறை கண்டுபிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம் தருகிறார்கள். இதைச் சொன்னால் எங்கம்மா, "சம்பளம் இல்லாமலே இருவது வருஷம் அதத்தானே பண்ணிகினு இருந்த" என்பாள். காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு என்று ஊரெல்லாம் சொல்கிறார்கள். எங்கம்மா சின்னப்பொண்ணுவுக்கு அந்தக் காக்கையோடு பழக்கம் கிடையாது.

என் பெயர் தென்றல். வடக்குப்பட்டு. ஒரகடத்திலிருந்து வாலாஜாபாத் போகிற ரோட்டில் கார் கதவுக்கு ரப்பர் செய்கிற கம்பெனியில் நாலு வருஷமாக இன்ஸ்பெக்டர். இன்ஸ்பெக்டர் என்றதும் போலீஸ் ஜீப் எல்லாம் நினைக்க வேண்டாம். காரின் கதவைச் சுற்றி ஒரு கறுப்பு ரப்பர் ஓடுமே, மழைத்தண்ணி உள்ளே வராமல், அதை மேஜையில் போட்டு விரலால் தடவிப் பார்க்கிற வேலை. நல்லது என்றால் டிராலியில் போடுவேன். ஒரு டிராலிக்கு அறுபது ரப்பர். சந்தேகம் என்றால் அந்த டிராலியில் மஞ்சள் சீட்டு கட்டுவேன்.

மஞ்சள் சீட்டு எங்கள் கம்பெனியில் லேசுப்பட்ட சாமான் இல்லை. அது கட்டின டிராலி நகராது. எங்கள் சூப்பர்வைசர் கன்னியப்பன் சார் ஒவ்வொரு ஷிஃப்ட் ஆரம்பத்திலும் எங்களை வரிசையாக நிற்க வைத்து இதை ஒருதரம் ஓதிவிட்டுத்தான் லைனையே ஓட்டுவார். "மஞ்ச சீட்டு கட்டியாச்சுன்னா பிளான்ட் ஹெட்டே வந்தாலும் அவுக்கக் கூடாது. எவங்க எழுதினாங்களோ அவங்கதான் மூடணும். சீட்டு டிராலில தொங்கணும். மேஜைல கெடந்துச்சுன்னா அது சீட்டு இல்ல, குப்பை. புரிஞ்சுதா?" நாலு வருஷம், வாரத்துக்கு ஆறு நாள் கேட்டாகிவிட்டது. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வோம்.

சீட்டின் அடியில் மூன்று கட்டம் இருக்கும். திருத்தியாச்சு. கழிச்சாச்சு. அப்படியே எடுத்துக்கொள்ளலாம். இந்த மூன்றில் ஒன்றில் டிக் அடித்தால்தான் சீட்டு மூடும். மூன்றாவது கட்டத்தில் டிக் விழுந்து நான் பார்த்ததே இல்லை. அதற்குப் பொருளை வாங்கிக்கொள்கிறவர் கையெழுத்துப் போட வேண்டும். குறை இருக்கிறது, தெரிகிறது, ஆனாலும் பரவாயில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட எவருக்கு மனசு வரும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் கம்பெனியில் காண்ட்ராக்டில் நாலு வருஷத்துக்கு மேல் வைத்துக்கொள்ள மாட்டார்கள். அதற்குள் கம்பெனி ரோலில் ஏறினால் நிரந்தரம். ஏறாவிட்டால் கேட்டுக்கு வெளியே நின்று, பஸ் ஏறி, சுங்குவார்சத்திரத்தில் இறங்கி, வேறு ஏதாவது கம்பெனி வாசலில் மறுபடி முதல் நாளிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். என் நாலு வருஷம் இந்த மாசக் கடைசியோடு முடிகிறது. ஏழு பேருக்கு முடிகிறது. இடம் ஒன்றே ஒன்று.

புதிதாக வந்த எச்.ஆர். பூஜா மேடம் திங்கட்கிழமை ஏழு பேரையும் கேன்டீனுக்குக் கூப்பிட்டார். சென்னைக்காரர், வந்து மூன்று மாசம் ஆகிறது, இன்னும் எங்களிடம் சிரித்துப் பேசுகிறார்.

"உங்க வேலை எப்படின்னு ரெக்கார்ட்ல இருக்கு. ஏழு பேரும் நல்லா செய்றீங்க. ஆனா நீங்க யாருன்னு எனக்குத் தெரியல. அதனால இன்டர்வியூ இல்ல. உங்களப் பத்தி அரைப் பக்கம் எழுதிக் குடுங்க. தமிழ்லயே எழுதுங்க. படிச்சா ஆள் கண்ணு முன்னாடி வந்து நிக்கணும். வெள்ளிக்கிழமை பன்னெண்டு மணிக்குள்ள என் ரூம் வாசல்ல இருக்கிற பெட்டியில போட்ருங்க."

போன வருஷம் நடந்த கூத்தையும் அவரே சொன்னார். பழைய ஃபைலைப் புரட்டியிருக்கிறார். எல்லாத் தாளிலும் ஒரே எழுத்து. "நான் கடின உழைப்பாளி. எனது பொழுதுபோக்கு பாட்டு கேட்பது. எனது லட்சியம் கம்பெனியோடு சேர்ந்து வளர்வது." சுங்குவார்சத்திரம் பஸ் ஸ்டாப் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் ரெடியாக வைத்திருக்கிறார்கள், பெயரை மட்டும் மாற்றி அடித்துத் தருவார்கள். அவசரத்தில் தகப்பன் பெயரை மாற்ற மறந்துவிட்டார்கள். பதினோரு பேருக்கு அப்பா பெயர் சுப்பன். அந்த சுப்பன் யாரென்று இன்றுவரை தெரியவில்லை. பதினோரு பிள்ளைகளையும் ஒரே கம்பெனிக்கு அனுப்பி வைத்த புண்ணியவான்.

இந்த வேலை எனக்கு வேண்டும். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன், ரொம்பவே வேண்டும். அந்த மேஜை, அந்த லைட், ரப்பர் வாசம், எல்லாம் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆயிரம் ரப்பரில் ஒன்றில் ஊசி முனை அளவு வெடிப்பு இருந்தால் என் விரல் அங்கே தானாக நிற்கும். அப்போது எனக்கு வருகிற சந்தோஷத்தை வெளியில் சொன்னால் பைத்தியம் என்பார்கள். ஆனால் அரைப் பக்கம் என்னைப் பற்றி எழுது என்றால் என் விரல் எங்கேயும் நிற்கவில்லை. சும்மா வழுக்கிக்கொண்டு போயிற்று.

திங்கள் சாயந்திரம் வீட்டில் உட்கார்ந்து "நான் நேர்மையானவள்" என்று எழுதினேன். எழுதிவிட்டு இன்ஸ்பெக்டர் கண்ணால் பார்த்தேன். நேர்மையானவள் எவளாவது நான் நேர்மையானவள் என்று சொல்வாளா? ரிஜெக்ட். "நான் பழகுவதற்கு இனிமையானவள்." இதை எழுதும்போது எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. ரிஜெக்ட். பத்தொன்பது தாள் போயிற்று. வீணாகக் கூடாதென்று அம்மா எல்லாவற்றையும் எடுத்து மளிகைச் சாமான் எழுத வைத்துக்கொண்டாள். மறுநாள் கடைக்காரர் என்னிடம் ஒரு தாளைக் காட்டினார். ஒரு பக்கம் துவரம்பருப்பு அரைக் கிலோ. இன்னொரு பக்கம் நான் நேர்மையானவள். "என்னைச் சந்தேகப்பட்டா எழுதினீங்க?" என்று கேட்டார் பாவம்.

செவ்வாய்க்கிழமை அம்மாவிடமே கேட்டேன்.

"அம்மா, நான் எப்படிப்பட்டவ?"

"இன்னா கேள்வி இது, காலங்காத்தால?"

"சொல்லேன். ஆபீசுக்கு எழுதணும்."

அம்மா இட்லித் தட்டைக் கழுவிக்கொண்டே யோசித்தாள். "நல்லா சாப்புடுவ" என்றாள். அப்புறம் இன்னும் யோசித்துவிட்டு, "அவ்ளோதான் தோணுது" என்றாள்.

புதன்கிழமை பேச்சி உதவிக்கு வந்தாள். பேச்சி கோவில்பட்டிப் பக்கம், கம்பெனி ஹாஸ்டலில் இருக்கிறாள், டிராலி தள்ளுகிற வேலை. ரோல் ஏற அவளுக்கு இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறது, அதனால் போட்டி பொறாமை இல்லாமல் எனக்கு எழுதித் தந்தாள். "விடிவெள்ளியே, வீசும் பூங்காற்றே" என்று ஆரம்பித்தது. கடைசி வரியில் நான் தியாகச் சுடர் ஆகியிருந்தேன்.

"பேச்சி, இது கட்சிக்காரனுக்கு வைக்கிற பேனர்."

"நல்லாத்தானட்டி இருக்கு? எங்க ஊர்ல பொறந்த நாளுக்கு இப்படித்தான் எழுதுவாவ."

"எனக்குப் பொறந்த நாள் இல்ல. வேலை போற நாள்."

அவளுக்கு முகம் சுண்டிப்போயிற்று. எனக்கும் ஒரு மாதிரி ஆகிவிட்டது. நல்லெண்ணத்தில் எழுதித் தந்தவளிடம் அப்படி விழுந்திருக்கக் கூடாது. என் வாய் அப்படி.

வியாழக்கிழமை கன்னியப்பன் சார் தாமாகவே யோசனை சொன்னார். "பொறுமைசாலின்னு எழுது. நான் அதத்தான் எழுதினேன், பன்னெண்டு வருஷம் முன்னாடி. பொறுமைன்னா மேனேஜ்மென்ட்டுக்குப் புடிக்கும்." இதைச் சொல்லிக்கொண்டே நடுவில் திரும்பி, லோடு ஏற்றுகிறவரை அவருடைய மூன்று தலைமுறையையும் இழுத்துத் திட்டிவிட்டு, மறுபடி என் பக்கம் திரும்பி, "பொறுமை முக்கியம்" என்றார்.

வெள்ளிக்கிழமை விடிந்தது. முதல் ஷிஃப்ட், ஆறு மணி. கையில் ஒன்றும் இல்லை. பத்தரைக்குச் சாப்பாட்டு மணி அடித்தது. எல்லாரும் கேன்டீனுக்குப் போனார்கள், நான் மேஜையிலேயே உட்கார்ந்தேன். நாலு வருஷம் ஊரான் வீட்டு ரப்பரில் எல்லாம் குறை எழுதினேனே, எத்தனை சீட்டு, எத்தனை வரி, ஒன்றுக்காவது இப்படி யோசித்தேனா என்று என் மேலேயே கோபம் வந்தது. கோபம் வந்தால் எனக்குக் கை துறுதுறுக்கும். லைனில் வெள்ளைத் தாள் வைத்துக்கொள்ள அனுமதி இல்லை. மேஜையில் இருந்தது மஞ்சள் சீட்டுப் புத்தகமும், கயிற்றில் கட்டின பேனாவும்தான். ஒரு சீட்டைக் கிழித்தேன். எண் நானூற்றுப் பதினேழு. பாகத்தின் பெயர் என்று அச்சடித்த இடத்தில் என் பெயரை எழுதினேன். அதற்கப்புறம் பேனா என்னைக் கேட்கவில்லை.

பாகம்: தென்றல், த/பெ எல்லப்பன், வடக்குப்பட்டு.
எண்ணிக்கை: ஒன்று. இதுவே அதிகம் என்று வீட்டில் கருத்து.
குறைகள்:
1. காலை எட்டேகால் டீ வரும்வரை யார் பேசினாலும் பதில் வராது. வந்தால், வராமலே இருந்திருக்கலாம் என்று தோன்றும்.
2. கோணலைப் பார்த்தால் சாப்பாடு இறங்காது. போன தை மாசம் ஒரு கல்யாணத்தில் மேடைத் தோரணம் ஒரு பக்கம் தொங்கியதால் நாற்காலி போட்டு ஏறிச் சரிசெய்தது. தாலி கட்டுகிற நேரம். மாப்பிள்ளை தாலியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.
3. பாட்டு வராது. பாடும்.
4. மாசத்துக்கு ஒருமுறை காரணமில்லாமல் அழுகை வரும். இடம்: கம்பெனி பஸ், ஜன்னல் ஓரம். ஐந்து நிமிஷத்தில் தானே சரியாகிவிடும். யாரும் தொட வேண்டாம்.
5. தப்பு என்று தெரிந்துவிட்டால், சின்ன விஷயம் விட்டுடு என்று யார் சொன்னாலும் விடாது. இந்த லைனில் மூன்று முறை நடந்திருக்கிறது.
6. தன் குறையை யாராவது சொன்னால் மூன்று நாள் பேசாது. பேச்சியிடம் ஒருமுறை பதினோரு நாள் பேசவில்லை. பேச்சி சொன்னது சரி. இதுவரை அவளிடம் சொல்லவில்லை.
கண்டுபிடித்தவர்: தென்றல்.

ஏழு நிமிஷம். படித்துப் பார்த்தேன். நாலு நாளில் முதல் தடவையாக ரிஜெக்ட் பண்ணத் தோன்றவில்லை. அது நான்தான். அசிங்கமாக இருந்தது, ஆனால் நான்தான். மணியைப் பார்த்தேன், சாப்பாட்டு நேரம் இன்னும் பாக்கி இருந்தது. அம்மா சொன்னது போல நான் நல்லா சாப்பிடுகிறவள். பன்னிரண்டு மணிக்குத்தானே பெட்டி, சாப்பிட்டுவிட்டுக் கொண்டுபோய்ப் போடலாம் என்று சீட்டை மேஜையில் ஸ்கேலுக்கு அடியில் வைத்துவிட்டு எலுமிச்சைச் சாதத்துக்கு ஓடினேன்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் வயிற்றால் கெட்டேன்.

நான் இல்லாத நேரத்தில் பேச்சி டிராலி எடுக்க வந்திருக்கிறாள். கார் கம்பெனிக்குப் போகிற லாரியில் ஏற வேண்டிய கடைசி டிராலி, அறுபதும் நல்ல ரப்பர். பார்த்தால் மேஜையில் எழுதின மஞ்சள் சீட்டு கிடக்கிறது, டிராலியில் சீட்டு இல்லை. தென்றல் கட்ட மறந்துவிட்டாள், கன்னியப்பன் சார் பார்த்தால் ரோல் ஏறுகிற நேரத்தில் இவளுக்குக் கெட்ட பெயர் ஆகிவிடும் என்று பதறி, சீட்டை எடுத்துக் கம்பியால் டிராலியில் இறுக்கிக் கட்டியிருக்கிறாள். ஒரு வரி படிக்கவில்லை. முந்தாநாள் நான் அப்படி விழுந்தும் எனக்காகப் பதறியிருக்கிறாள் என்பதை நினைத்தால் இப்போதும் சங்கடமாக இருக்கிறது. நேராகத் தள்ளிக்கொண்டு போய் சீட்டு எண்ணைக் கம்ப்யூட்டரில் பதிந்து, டிராலியை மஞ்சள் கூண்டுக்குள் விட்டுப் பூட்டிவிட்டாள். நிறுத்திவைத்த சரக்கு எல்லாம் அந்தக் கம்பிக் கூண்டுக்குள்தான் நிற்கும்.

நான் வாயைத் துடைத்துக்கொண்டு வந்தபோது பதினோரு மணி. ஸ்கேல் இருந்தது. சீட்டு இல்லை. மேஜைக்கு அடியில் குனிந்து தேடிக்கொண்டிருக்கையில் கூண்டுப் பக்கமிருந்து கன்னியப்பன் சார் குரல் கேட்டது. அவருக்குச் சீட்டைச் சத்தம் போட்டுத்தான் படிக்க வரும்.

"காலை எட்டேகால் டீ வரும்வரை யார் பேசினாலும் பதில் வராது…"

ஓடினேன். எனக்கு முன்னால் லாரி டிரைவர் கிளீனரோடு வந்து நின்றிருந்தார். பேச்சி இருந்தாள். லோடு ஏற்றுகிறவர்கள் நாலு பேர். கன்னியப்பன் சார் கூண்டைத் திறந்து, மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு இரண்டாவது குறையைப் படித்து முடித்திருந்தார். டிரைவர், "தாலி கட்ற நேரத்துலயா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். ஆமாம் என்று தலையாட்டுவதைத் தவிர வேறு வழி தெரியவில்லை.

"சார், அது என்னோடது. எச்.ஆருக்கு எழுதினது. குடுத்துடுங்க."

"இன்னாம்மா இது, மஞ்ச சீட்டுலயா எழுதுவ? நம்பர் ஏறிப்போச்சு. டிராலி ஹோல்டுல கீது. லாரி பதினொன்னேமுக்காலுக்குக் கெளம்பணும், இல்லேன்னா அங்க கார் கம்பெனில லைன் நின்னுடும்."

"அவுத்துடுங்க சார்."

அவர் கை கம்பிக்குப் போயிற்று. அத்தனை பேரும் அவரையே பார்த்தார்கள். டிரைவர் மெதுவாக, "பிளான்ட் ஹெட்டே வந்தாலும் அவுக்கக் கூடாதுன்னு வெளிய லாரில ஒக்காந்துகினு நானே தெனம் கேக்கறேன் சார்" என்றார். கன்னியப்பன் சார் கையை எடுத்துக்கொண்டார்.

பேச்சி என் பக்கத்தில் வந்து நின்றாள். "ஏட்டி, சீட்டு மேசையில கெடந்தா குப்பைன்னு சொன்னாவளேன்னுதான் கட்டுனேன்." அவளை நான் என்ன சொல்ல முடியும். நாலு வருஷமாக நாங்கள் ஓதின மந்திரம் எங்களுக்கே பலித்துவிட்டது.

"சரி வா" என்றார் சார். "எழுதினவ நீ. நீயே மூடு. திருத்தியாச்சுல டிக் போடு. ஒவ்வொரு குறைக்கும் இன்னா திருத்தம்னு எழுதணும், சீக்கிரம். மொதல் குறை. இனிமே காலைலயே பேசுவேன்னு எழுது."

எழுதினேன். வேறென்ன செய்ய. கோணலைப் பார்த்தால் கண்ணை மூடிக்கொள்ளப்படும் என்று எழுதினேன். பாட்டு நிறுத்தப்படும். அழுகை வீட்டுக்குப் போனபின் அழப்படும். ஒவ்வொன்றையும் எழுதும்போது ஜெராக்ஸ் கடைச் சுப்பனின் பன்னிரண்டாவது பிள்ளையாக ஆகிக்கொண்டிருப்பது போல இருந்தது.

"அஞ்சாவது." சார் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. அந்த வரியை அவர் சத்தமாகப் படிக்கவில்லை, வாய்க்குள்ளேயே படித்தார். "சரி, இனிமே வுட்டுடுவேன்னு எழுது."

பேனா நின்றது.

"எழுதும்மா. மணி பதினொன்னரை ஆவுது."

"மாட்டேன் சார்."

"தென்றலு, லாரி நிக்குது."

"தெரியும் சார். ஆனா வுட மாட்டேன். வுட்டுடுவேன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டா, நாளைக்கு ஒரு ரப்பர் கிழிஞ்சிருந்தா நான் இன்னா பண்றது?"

பன்னிரண்டு மணிக்குப் பெட்டியில் போட வேறு தாள் என்னிடம் இல்லை. இந்தச் சீட்டு டிராலியில் இருக்கும்வரை லாரி போகாது, திருத்திவிட்டேன் என்று மூடினால் நான் போய்விடுவேன். அதற்காக மேலே எழுதின நாலு திருத்தத்தையும் கூட அடித்துவிட்டேன்.

"அப்போ ரெண்டாவது கட்டம் போட்டா என்ன? கழிச்சாச்சு" என்றாள் பேச்சி, உதவி செய்கிற நினைப்பில்.

"கழிச்சதுக்கு செவப்புப் பெயின்ட் அடிக்கணும்" என்றார் லோடு ஏற்றுகிற ஒருவர். கிளீனர் பெயின்ட் டப்பாவைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

கன்னியப்பன் சார் போனை எடுத்தார். "மேடம், உங்க பேப்பர் ஒண்ணு என் டிராலில கட்டிகினு கீது. நீங்க வந்தாத்தான் லாரி போவும்."

பூஜா மேடம் விசிட்டர்களுக்கு வைத்திருக்கிற பெரிய சேஃப்டி ஷூவை மாட்டிக்கொண்டு தடதடவென்று வந்தார். யாரும் ஒன்றும் விளக்கவில்லை, சார் சீட்டைக் காட்டினார். டிராலியோடு கட்டியிருந்ததால் மேடம் குனிந்துதான் படிக்க வேண்டியிருந்தது. ஹெல்மெட் சரிந்து சரிந்து விழுந்தது, ஒரு கையால் பிடித்துக்கொண்டு படித்தார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவருடைய ஹெல்மெட் ஒரு பக்கம் கோணலாக இருந்தது, அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். சரிசெய்யக் கை பரபரத்தது, இன்றைக்கு வேண்டாம் என்று கட்டிக்கொண்டேன்.

"இந்த அஞ்சாவது. மூணு தடவைன்னு இருக்கே. யார் விட்டுடச் சொன்னது?"

எட்டேகால் டீ குடித்தாகிவிட்டது, இருந்தும் என்னிடமிருந்து பதில் வரவில்லை. கன்னியப்பன் சார் கூண்டின் பூட்டைத் தடவிக்கொண்டு நின்றார். பிறகு, "நான்தான் மேடம்" என்றார். "மூணு தடவையும் நான்தான் சொன்னேன். லோடு அவசரம். மூணு தடவையும் இந்தப் பொண்ணு சொன்னதுதான் கரெக்டா இருந்துச்சு. ரெண்டாவது தடவ வுட்டிருந்தா அந்த லோடு முழுசா திரும்பி வந்திருக்கும், என் வேலையும் போயிருக்கும். அது யாராண்டயும் சொல்லல."

அவர் இப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை. அவரைப் பற்றி நாலு வருஷமாக மனசுக்குள் எழுதிவைத்திருந்த சீட்டுகளில் பாதியைக் கிழித்துப் போட்டேன். பாதியைத்தான்.

பூஜா மேடம் சீட்டின் அடிப்பக்கம் பார்த்தார். "இந்த மூணாவது கட்டம் என்ன? வாங்கிக்கொள்கிறவர் கையெழுத்துன்னு இருக்கே. யார் அது?"

"ரப்பர்னா கார் கம்பெனி மேடம்" என்றார் சார். தலையைச் சொறிந்தார். "இதுக்குன்னா… நீங்கதான்."

மேடம் கொஞ்சம் யோசித்தார். "டிக் போடறதுக்கு முன்னாடி குறையை நேர்ல சோதிச்சுப் பாக்கணும்ல, அதானே ரூல்?"

"ஆமா மேடம்" என்றார் சார், ரூல் என்றதும் உயிர் வந்து.

"அப்போ மூணாவதைச் சோதிக்கணும். தென்றல், ரெண்டு வரி பாடுங்க."

பாடினேன். மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை, பாட வந்துவிட்டது. முதல் வரி முடிவதற்குள் டிரைவர் போய் லாரியை ஸ்டார்ட் பண்ணிவிட்டார். பேச்சி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். மேடம் இரண்டாவது வரி வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு, என் கையிலிருந்த பேனாவை வாங்கி, மூன்றாவது கட்டத்தில் டிக் போட்டு, கையெழுத்துப் போட்டு, தேதியும் போட்டார்.

"மேடம், மத்த ஆறு பேரு பேப்பர்?" என்று நான்தான் கேட்டேன். எனக்கு வேண்டிய வேலைதான், ஆனாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை. ஐந்தாவது குறை.

"காலையிலயே போட்டுட்டாங்க. படிச்சிட்டேன்" என்றார் மேடம். "நாலு பேருக்கு அப்பா பேரு சுப்பன். மத்த ரெண்டு பேரு பொறுமைசாலி."

கன்னியப்பன் சார் வேறு பக்கம் பார்த்தார். சீட்டை மேடமே அவிழ்த்து, மடித்து, ஃபைலில் வைத்துக்கொண்டார். டிராலி லாரியில் ஏறியது. பேச்சி மட்டும் கூண்டுக்குப் பக்கத்திலேயே நின்றாள்.

"பதினோரு நாள்னு எண்ணியா வச்சிருந்த?" என்றாள்.

"ம்."

"நான் பன்னெண்டுன்னு வச்சிருந்தேன். சரி விடு. நான் சொன்னது சரின்னு எழுதிட்டேல்லா."

திங்கட்கிழமை போர்டில் என் பெயர் ஒட்டியிருந்தது. சாயந்திரம் மேடத்திடம் கேட்டு வாங்கின சீட்டின் ஜெராக்ஸ் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுபோய் அம்மாவிடம் கொடுத்தேன். அம்மா எழுத்துக்கூட்டி முழுசும் படித்தாள். கல்யாணத் தோரணம் வந்த இடத்தில் மட்டும் ஒருதரம் தலையில் அடித்துக்கொண்டாள். அடியில் டிக் போட்ட இடத்துக்கு வந்து விரலை அங்கேயே வைத்தாள்.

"அப்படியேவா எடுத்துக்கினாங்க?"

"ஆமா."

"ஒண்ணும் திருத்தச் சொல்லல?"

"இல்லம்மா."

அம்மா ஜெராக்ஸை மடித்து அரிசி டப்பாவுக்கு மேலே வைத்தாள். மளிகைக் கணக்கு எழுதுகிற தாள்களோடு சேர்க்கவில்லை, அதை நான் கவனித்தேன். அடுப்பைப் பற்றவைத்து டீத்தண்ணி வைத்தாள்.

"நாங்களும் உன்ன அப்படியேதான் எடுத்துக்கினோம்" என்றாள், அடுப்பைப் பார்த்துக்கொண்டே. "எங்களாண்ட யாரு கையெழுத்து கேட்டா."

நாலாவது குறையில் இடத்தைத் தப்பாக எழுதிவிட்டேன். கம்பெனி பஸ்ஸில் மட்டும் இல்லை, சமையல்கட்டிலும் வரும். தொட வேண்டாம் என்று எழுதியிருந்ததை அம்மா படித்திருந்தாள், ஆனாலும் தொட்டாள்.